சென்ட்ரிங் போடாத கூரை

தா.பழூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு விருந்தாளிகளை அழைத்துப்போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான். பெரிய நந்தியைச் சுற்றிவந்து, சிங்கக் கிணற்றை எட்டிப் பார்த்து, சண்டேசர் தலையில் ஈசன் மாலை சுற்றும் சிற்பத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைசியில் புல்தரையில் உட்கார்ந்து விமானத்தை அண்ணாந்து பார்க்கும்போது யாராவது ஒருவர் கேட்பார்: "உள்ளே கூடுதானே? மேலே ஏற வழி கிடையாதா?"

கிடையாது. பக்தருக்கும் கிடையாது, பயணிக்கும் கிடையாது.

இத்தாலியில், புளோரன்ஸ் நகரத்தின் சாந்தா மரியா தெல் ஃபியோரே பேராலயத்தில் இதே கேள்வியைக் கேட்டால் டிக்கெட்டைக் கொடுத்து வடக்குப் பக்க வாசலைக் காட்டுகிறார்கள். 463 படிகள். லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்க ஏறி முடித்தால் குவிமாடத்தின் உச்சியில், ஊரே காலடியில் இருக்க, வெட்டவெளியில் நிற்கலாம்.

ஒன்றில் ஏற முடிகிறது, மற்றதில் முடியவில்லை. இது நிர்வாகத்தின் விருப்பு வெறுப்பு அல்ல. இரண்டு கட்டடங்களும் தங்கள் எடையைத் தரைக்கு இறக்கும் விதமே வேறு. விமானம் எடையை நேராகக் கீழே இறக்குகிறது. குவிமாடமோ கீழே இறக்குவதோடு வெளிப்பக்கமும் தள்ளுகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் படிக்கட்டு எங்கிருந்து வந்தது என்பது தானே விளங்கிவிடும்.

முதலில் கல்லின் குணத்தைப் பார்ப்போம். கருங்கல்லை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். இழுத்தால் தாங்காது. அழுத்தத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குகூட இழுவிசையைத் தாங்காது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இன்னும் மோசம். இரண்டு தூண்களின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்தால் அதன் மேற்புறம் அழுந்தும், அடிப்புறம் இழுபடும். இடைவெளி கூடினால் அடியில் விரிசல் விட்டு இரண்டாக முறியும். நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் காடுபோல நெருங்கி நிற்பதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டும் இல்லை. கல் உத்திரம் அவ்வளவு தூரம்தான் தாவும்.

தூண் இல்லாமல் ஒரு வெற்றிடத்தை மூட வேண்டுமானால் அடுத்த வழி, ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி வைத்துக்கொண்டே போவது. நாலு பக்கமும் இப்படி நீண்டால் கடைசியில் நடுவில் சேர்ந்துவிடும். எவ்வளவு நீட்டலாம்? நாலு செங்கல் கிடைத்தால் வீட்டுத் திண்ணையிலேயே செய்து பார்க்கலாம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் கல்லை அதன் நீளத்தில் பாதிவரை வெளியே தள்ளலாம். அதற்கு அடியில் இருப்பதைக் கால் பங்கு. அதற்கும் அடியில் ஆறில் ஒரு பங்கு. அடுத்ததை எட்டில் ஒரு பங்கு. நாலு கல்லில் மேற்கல் முழுக்கத் திண்ணை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும். கொள்கையளவில் இந்த நீட்சிக்கு எல்லையே இல்லை. ஆனால் வேகம் ஆமை வேகம். ஒரு கல் நீளம் தாண்ட 4 கற்கள் போதும். இரண்டு கல் நீளம் தாண்ட 31 வேண்டும். மூன்று நீளத்துக்கு 227.

கொத்தர்கள் இவ்வளவு பொறுமையாக இருப்பதில்லை. கல்லின் வால்பக்கத்தில் பாரத்தை ஏற்றிவிட்டால் மூக்கைத் தைரியமாக நீட்டலாம். சோழர் விமானத்தின் சூட்சுமம் இதுதான். உள்ளே நீளும் ஒவ்வொரு கல்லின் பின்புறத்தையும் மேலே உள்ள தளங்களின் எடை அழுத்திப் பிடித்திருக்கிறது. எடை கூடக்கூட உறுதியும் கூடுகிறது.

முதலாம் இராசேந்திரன் கங்கைப் படையெடுப்புக்குப் பிறகு, 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய இந்த விமானத்தின் அடி ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம்; உயரம் 55 மீட்டருக்குப் பக்கத்தில்; ஒன்பது தளங்கள். கருவறையைச் சுற்றி ஒன்றல்ல, இரண்டு கனத்த சுவர்கள். நடுவே ஒரு சுற்றுப்பாதை. மேலே போகப்போக இரண்டு சுவர்களும் ஒன்றை நோக்கி ஒன்று கல் நீட்டிப் பாதையை மூடி, ஒரே பெரும் சுவராகி, அதன்மேல் விமானத்தின் முழுப் பாரமும் உட்காருகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள படுகை எல்லாம் ரசமட்டம் வைத்ததுபோல் கிடைமட்டம். கிடைமட்டப் படுகையில் எடை கீழ்நோக்கி மட்டுமே இறங்கும். கல் வழுக்கிக்கொண்டு வெளியே ஓட முகாந்திரமே இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு இங்கே ஒரு வித்தியாசம் உடனே படும். தஞ்சை விமானத்தின் விளிம்பு அடிமட்டக்கோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராகச் சரிகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் விளிம்பு உள்பக்கம் குழிந்து, ஒசிந்து மேலே போகிறது. கீழே சதுரம், மேலே மூலைகள் மழுங்கி, உச்சியில் சிகரம் வட்டம். கலை வரலாற்றாசிரியர்கள் இதைப் பெண்மை என்று வருணித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்த வருணனையில் பெரிய ஈடுபாடு இல்லை; பொறியியலாகப் பார்த்தால் இதைவிடச் சுவையான விஷயம் ஒன்று அந்த வளைவில் இருக்கிறது.

இங்கிலாந்தில் இராபர்ட் ஹூக் 1675-ல் ஒரு நூலின் பின்னிணைப்பில், எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். புதிரை அவிழ்த்தால் கிடைப்பது இதுதான்: தொங்கும் சங்கிலி என்ன வடிவம் எடுக்கிறதோ, அதைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே நிற்கும் வளைவின் வடிவம். சங்கிலியில் இழுவிசை மட்டுமே ஓடும். திருப்பிய வளைவில் அழுத்தம் மட்டுமே ஓடும். கல்லுக்கு வேண்டியதும் அதுதானே. ஆனால் எந்தச் சங்கிலியை எப்படித் தொங்கவிட்டுத் திருப்பினாலும் வளைவு வெளிப்பக்கம் உப்பியே இருக்கும். உள்பக்கம் குழியாது. ஆகவே கங்கைகொண்ட சோழபுரத்தின் குழிந்த விளிம்பு ஒரு வாக்குமூலம்: நான் வளைவு அல்ல, என் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன, ஒன்றையொன்று சாய்த்துக்கொண்டு நிற்கவில்லை. எடை நேராக இறங்கும் கட்டடத்துக்குத்தான் தன் வெளித்தோற்றத்தை இஷ்டப்படி வளைத்துக்கொள்ளும் சுதந்திரம் உண்டு.

இந்தச் சுதந்திரத்துக்கு விலை, கல். மலைமலையாகக் கல். தா.பழூரைச் சுற்றி இருப்பது கொள்ளிடம் கொண்டுவந்து கொட்டிய வண்டல். ஜெயங்கொண்டத்தின் அடியில் பழுப்பு நிலக்கரி. அரியலூர்ப் பக்கம் தோண்டினால் டைனோசர் காலத்துக் கடலடிச் சுண்ணாம்புக்கல், சுருள் சுருளாக அம்மோனைட் படிவங்கள். கருங்கல் வேண்டுமானால் மேற்கே பெரம்பலூர்ப் பக்கமோ அதற்கும் அப்பாலோதான் போகவேண்டும். இத்தனை கல்லையும் அங்கிருந்து இங்கே இழுத்துவந்தவர்களின் அரண்மனையோ செங்கல்லால் ஆனது. மாளிகைமேட்டில் தொல்லியல் துறையின் அகழாய்வில் வெளிப்பட்டவை செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும். கல் கடவுளுக்கு மட்டும். அருமையான கல் என்பது பிற்காலத்தவருக்கும் தெரிந்திருந்தது: 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் மதிலையும் மற்ற பகுதிகளையும் பெயர்த்துக் கல் எடுத்துப் போனார்கள். அந்த அணையின்மேல் உள்ள அணைக்கரைப் பாலத்தைக் கடக்கும்போது நாம் ஓரளவு சோழர் கல்லின்மேல்தான் போகிறோம்.

இவ்வளவு கல்லுக்கு உள்ளே கிடைத்த வெற்றிடம் கொஞ்சம்தான். அதில் யாருக்கும் குறை இல்லை. கருவறைக்குள் கூட்டம் கூடப்போவதில்லை; இருட்டும் நெருக்கமும்தான் அங்கே வேண்டும். கிறிஸ்தவத் தேவாலயத்தின் தேவை நேர்மாறு. ஊர் முழுவதும் உள்ளே வந்து நிற்கவேண்டும், பூசை எல்லோர் கண்ணிலும் படவேண்டும். ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் பிறந்த அந்த இத்தாலியில், இந்தத் தேவை ஒரு நகரத்தையே சிக்கலில் மாட்டிவிட்டது.

புளோரன்ஸ் பேராலயத்துக்கு 1296-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1367-ல், பீடத்துக்கு மேலே எண்கோண வடிவில் மாபெரும் குவிமாடம் வரவேண்டும் என்றும், அதற்கு வெளியிலிருந்து முட்டுச் சுவர்கள் கூடாது என்றும் முடிவு செய்தார்கள். எப்படிக் கட்டுவது என்று ஒருவருக்கும் தெரியாது. பேரன்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற தைரியம். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்கள் எழும்பி முடிந்தன. நடுவே ஏறத்தாழ 45 மீட்டர் அகலத்துக்கு வானம் பார்த்த ஓட்டை. அந்த ஓட்டையின் விளிம்பே தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேலே. அதாவது நம் விமானத்தின் உச்சி முடிகிற இடத்தை ஒட்டித்தான் அவர்களுடைய கூரை தொடங்கவே வேண்டும்.

இங்கே கல்லை உள்ளே நீட்டி நீட்டி மூடுவது நடக்காது. 45 மீட்டர் வெற்றிடத்துக்கு வேண்டிய எதிர்ப்பாரத்தை அந்தச் சுவர்கள் தாங்கா. மிச்சம் இருப்பது வளைவு. வளைவுக்கோ சென்ட்ரிங் வேண்டும்.

நம் ஊரில் தளம் போடும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சவுக்குக் கழிகளை முட்டுக்கொடுத்து, பலகை அடித்து, கலவை இறுகும்வரை பிடித்து வைக்கவேண்டும். வளைவிலும் அதே கதை: கடைசிக் கல் இறங்கிப் பூட்டும்வரை மற்ற கற்கள் எல்லாம் மர அச்சின்மேல் சாய்ந்துதான் கிடக்கும். புளோரன்ஸ் குவிமாடத்துக்கு அப்படி ஒரு அச்சு செய்யக் காடுகளையே அழிக்கவேண்டும். அழித்தாலும், சுண்ணாம்புச் சாந்து இறுகும் ஆண்டுக்கணக்கான காலத்தில் அந்த மரமே தன் பாரத்தில் நெளிந்துவிடும். 1418 ஆகஸ்டில் நகரத்தார் 200 பொற்காசு பரிசு அறிவித்து யோசனை கேட்டார்கள். பொற்கொல்லராகப் பயின்ற பிலிப்போ புரூனெல்லெஸ்கி வந்து, சென்ட்ரிங் இல்லாமலே கட்டிக் காட்டுகிறேன் என்றார். அவரைப் பைத்தியக்காரர் என்று கூட்டத்திலிருந்து வெளியே தூக்கிப் போட்டதாகப் பழைய வரலாறுகள் சொல்கின்றன. செங்கல்லும் சாந்தும் கொண்டு சிறு மாதிரி ஒன்றைக் கட்டிக் காட்டினார். வேலை கிடைத்தது; கூடவே அவருடைய ஆயுட்காலப் போட்டியாளர் லொரென்சோ கிபெர்த்தியையும் பங்காளியாகச் சேர்த்துவிட்டார்கள். புரூனெல்லெஸ்கிக்கு அது கடைசிவரை ஆறவில்லை.

அவர் நம்பியது என்ன? கொள்ளிடக்கரைத் தோப்புகளில் இருக்கும் பழைய செங்கல்கட்டுக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் உள்ள மண் உள்ளே தள்ளுகிறது. ஆனாலும் ஒரு செங்கல்கூடக் கிணற்றுக்குள் விழுவதில்லை. ஒரு கல் உள்ளே வர வேண்டுமானால் பக்கத்துக் கற்கள் இடம் விடவேண்டும். அவையும் உள்ளேதான் வரப் பார்க்கின்றன. எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்கின்றன. குவிமாடத்தின் ஒவ்வொரு வரிசையும் அப்படி ஒரு மூடிய வளையம். வளையம் முழுமை அடைந்துவிட்டால் அதற்கு மர அச்சு தேவையில்லை. உள்ளே சாயச் சாய அது இறுகத்தான் செய்யும். ஆக ஆபத்து, வளையம் முடிவதற்கு முந்தைய அந்தச் சில நாட்கள் மட்டும்தான்.

இரண்டு இடைஞ்சல்கள் இருந்தன. வட்ட வளையம் பூட்டிக்கொள்ளும். எண்கோண வளையம் மூலைகளில் முறியும். புரூனெல்லெஸ்கி குவிமாடத்தை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடுகளாகத் திட்டமிட்டு, உள்கூட்டை 2 மீட்டருக்கு மேல் தடிமனாக எழுப்பினார். அந்தத் தடிமனுக்குள் ஒரு வட்டம் கண்ணுக்குத் தெரியாமல் முழுதாக அடங்கிவிடுகிறது. வெளியே எண்கோணம், உள்ளே ஒளிந்திருப்பது வட்டம். அடுத்தது, வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஈரச் சாந்தின்மேல் இருக்கும் கல் வழுக்குவது. மேலே போகப்போகப் படுகை சாய்ந்துகொண்டே போய், உச்சிக்குப் பக்கத்தில் 60 டிகிரிவரை சரிகிறது. அதற்கு அவர் கண்ட வழி, படுத்த செங்கல் வரிசைகளுக்கு நடுவே ஆங்காங்கே ஒரு செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்துவது. நின்ற கல் மேல்வரிசைக்குள் தலை நீட்டும். அடுத்த வரிசையில் அதை ஒட்டி இன்னொன்று நிற்கும். இப்படியே திருகித் திருகி உச்சிவரை போகும் இந்த மீன்முள் அடுக்கு, ஒவ்வொரு வரிசையையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து இரு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. 2020-ல் பிரின்ஸ்டன், பெர்கமோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இத்தாலிய மறுமலர்ச்சிக் காலக் குவிமாடங்களில் இந்தத் திருகு அடுக்கைக் கணினியில் செங்கல் செங்கல்லாகச் சோதித்து, கட்டிக்கொண்டிருக்கும் நிலையிலேயே அது தன்னைத் தானே தாங்கும் என்று காட்டினார்கள். கொத்தனார் கை கண்டதைக் கணக்கு எட்டிப் பிடிக்க 600 ஆண்டுகள்!

1420-ல் தொடங்கிய வேலை 1436-ல் முடிந்தது. 40 லட்சத்துக்கு மேற்பட்ட செங்கற்கள். உயரக் கணக்கில் ஆண்டுக்குச் சராசரி 2 மீட்டர்தான். அவசரப்பட்டால் கீழ்வரிசைச் சாந்து இறுகியிருக்காது. பாரம் ஏற்ற ஒரு ராட்டினப் பொறி செய்திருந்தார் புரூனெல்லெஸ்கி. மாடுகள் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்க, பல்சக்கரத்தை மாற்றிக் கொடுத்தால் கயிறு ஏறும் அல்லது இறங்கும். மாட்டை அவிழ்த்துத் திருப்பிக் கட்டும் நேரம் மிச்சம். பின்னாளில் இளைஞர் லியொனார்தோ தா வின்சி அவருடைய பொறிகளைப் பார்த்துப் படம் வரைந்து வைத்தார்.

இப்போது படி ஏறலாம். தொடக்கத்தில் இருட்டான, குறுகலான சுழற்படி. ஒரு கோயில் கோபுரத்துக்குள் ஏறுவதுபோலத்தான். பாதி தூரத்தில் திடீரென்று உள்மாடம் ஒன்றில் வெளிப்படுகிறோம். தலைக்கு மேலே வசாரி 1572-ல் தொடங்கி, அவர் இறந்த பிறகு சுக்காரி 1579-ல் முடித்த இறுதித் தீர்ப்பு ஓவியம். நரகத்துப் பிசாசுகளை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும்படி வைத்த புண்ணியவான் யாரோ. கீழே தரையில் மனிதர்கள் எறும்பளவு. அதைக் கடந்து மறுபடி சுவருக்குள் நுழைந்தால்தான் உண்மையான குவிமாடம் தொடங்குகிறது.

அங்கே சுவர்கள் இரண்டு. உள்கூடு கனமானது, எடை தாங்குவது. வெளிக்கூடு மெல்லியது, மழைக்கும் வெயிலுக்கும் குடை, தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கம்பீரம். இரண்டையும் உள்ளே விலா எலும்புகள்போல் ஓடும் தடுப்புச் சுவர்கள் இணைக்கின்றன. ஒரே திண்மமாகக் கட்டியிருந்தால் எடை எகிறியிருக்கும். நடுவே வெற்றிடம் விட்டதால் தடிமனின் உறுதி கிடைத்தது, பாரம் குறைந்தது. அந்த வெற்றிடத்தில்தான் கொத்தர்கள் ஏறி இறங்கினார்கள். நாம் ஏறும் படிக்கட்டும் அதில்தான் இருக்கிறது. பயணிகளுக்காகப் போட்டதல்ல, வேலை நடக்கவும், பின்னாளில் பழுது பார்க்கவும் போட்ட வழி. கங்கைகொண்ட சோழபுரத்திலும் இரட்டைச் சுவரும் நடுவே பாதையும் உண்டு என்பதை மறக்கவேண்டாம். ஆனால் அங்கே சுவர்கள் கீழ்த்தளங்களோடு கூடிவிடுகின்றன, இங்கே உச்சிவரை கூடுவதில்லை. ஏற வழி இருப்பதும் இல்லாததும் அவ்வளவில் முடிகிறது.

ஏறும்போது தோளை உரசும் சுவரைக் கவனிக்க வேண்டும். மீன்முள் அடுக்கு கண்ணுக்கு நேரே தெரியும். படுகைகள் கிடைமட்டமாக இல்லாமல் உள்ளே சரிந்திருப்பதைக் கைவிரலாலேயே தடவி உணரலாம். சிறு வட்டச் சாளரங்கள் வழியே வெளிச்சம். மேலே போகப்போக வெளிச்சுவர் தலைக்கு மேல் கவிழ்ந்து வருகிறது, ஆள் தானாகக் குனிகிறார். கடைசிப் பகுதியில் பக்கவாட்டில் சுற்றுவது நின்று, உள்கூட்டின் முதுகின்மேலேயே நேராக, செங்குத்தாக ஏறவேண்டும். இறங்குகிறவர்களும் அதே வழியில் வந்தால் யாராவது ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டவேண்டியதுதான்.

வழியில் பெரிய செஸ்ட்நட் மர உத்திரங்களை ஒன்றோடொன்று பிணைத்த ஒரு வளையமும் கண்ணில் படும். இது இல்லாமல் இந்த விளக்கம் முழுமை அடையாது, ஏனென்றால் வளையம் இறுகும் என்று சொன்ன கதை குவிமாடத்தின் மேல்பாதிக்கு மட்டும்தான் சரி. அரைக்கோளக் கூடு ஒன்று தன் எடையை மட்டும் தாங்கி நின்றால், உச்சியிலிருந்து சுமார் 52 டிகிரி கோணம்வரை வளையங்கள் நெருக்கப்படுகின்றன. அதற்குக் கீழே நிலைமை தலைகீழ்: வளையங்கள் விரியப் பார்க்கின்றன, இழுபடுகின்றன. இழுவிசைக்குச் செங்கல் ஆகாது என்பதை முதலிலேயே பார்த்தோம். புரூனெல்லெஸ்கியின் மாடம் அரைக்கோளத்தைவிடக் கூர்மையானது. கூர்மை ஏறினால் வெளித்தள்ளல் குறையும். ஆனாலும் முழுக்கப் போய்விடாது. அதனால் அவர் கட்டுமானத்துக்குள்ளேயே இடுப்புக்கச்சை கட்டினார்: நீண்ட மணற்கற்களை ஈயம் பூசிய இரும்புப் பட்டைகளால் பிணைத்த வளையங்கள் நான்கு, மர வளையம் ஒன்று. இந்தக் கணக்குச் சூத்திரங்கள் எதுவும் அப்போது பிறக்கவில்லை. எங்கே பிளக்கும் என்று கையாலும் கண்ணாலும் ஊகித்த மனிதர்.

ஊகம் பெரும்பாலும் சரி, முழுக்கச் சரியில்லை. குவிமாடத்தில் கீழிருந்து மேலாக விரிசல்கள் ஓடுகின்றன, பல நூற்றாண்டுகளாக. கோடையில் செங்கல் விரிந்து அவை ஒடுங்கும்; குளிரில் அகலும். 1980-களின் இறுதியிலிருந்து 150-க்கும் மேற்பட்ட கருவிகள் அவற்றை அளந்துகொண்டிருக்கின்றன. ரோமில் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் இதேபோல் விரிசல் கண்டு 1740-களில் பீதி கிளம்பியபோது, ஜொவான்னி பொலேனி என்ற பேராசிரியர் ஹூக்கின் யோசனையைக் கையில் எடுத்தார். குவிமாடத்தின் ஒரு துண்டின் எடைப் பங்கீட்டின்படி சிறு குண்டுகளைக் கோத்துச் சங்கிலியாகத் தொங்கவிட்டு, அந்த வளைவு கட்டடத்தின் தடிமனுக்குள் அடங்குகிறது என்று காட்டினார். விழாது, ஆனால் கச்சை இறுக்குங்கள் என்பது தீர்ப்பு. புதிதாக இரும்பு வளையங்கள் பூட்டினார்கள்.

நம்மவர்களுக்கு வளைவு தெரியாது, முகலாயருக்கு முந்தி இந்தியாவில் குவிமாடமே இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடும் வழக்கம் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பீதர்காவ்ன் செங்கற்கோயிலில் குப்தர் காலத்திலேயே உண்மையான வளைவுகள் இருக்கின்றன. தெரியாததால் விட்டதல்ல. கச்சை கட்ட வேண்டாத, காலத்தோடு போராடாத கட்டடம் வேண்டும் என்று விரும்புகிறவருக்குக் கிடைமட்டப் படுகைதான் நம்பகமானது. அப்புறம் தூணில்லாத அகன்ற மண்டபம் வேண்டும் என்ற தேவை வந்தபோது இந்தியாவும் தயங்கவில்லை: பீஜப்பூரின் கோல் கும்பஸ், 1656-ஐ ஒட்டி முடிந்தது, வெளிவிட்டம் 44 மீட்டர். புளோரன்ஸ் போக வசதிப்படாதவர்கள் கர்நாடகத்துக்கு ரயில் ஏறி, அதன் மூலைக் கோபுரப் படிகளில் ஏறிப் பார்க்கலாம். அங்கே கச்சைக்குப் பதில் வேறு உத்தி. ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வளைவுகள் மாடத்தின் அடியில் உள்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்க, அவற்றின் பாரமே மாடத்தின் வெளித்தள்ளலுக்கு எதிர்ப்பாரமாகிறது.

கோல் கும்பஸில் மாடத்தின் உள்விளிம்பில் ஒருவர் சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கும். எடை கூட்டின் வழியே இறங்குவதுபோல ஒலியும் கூட்டை ஒட்டியே ஓடுகிறது. இந்தப் புதிருக்காகப் பேராலயக் குவிமாடம் ஏறிய தமிழர் ஒருவர் உண்டு. திருவானைக்காவலில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்தவர். 1921-ல் முதன்முறையாக இங்கிலாந்து போன சி.வி. ராமன், லண்டன் புனித பவுல் பேராலயத்தின் கிசுகிசு மாடத்தில் ஜி.ஏ. சதர்லாண்டுடன் சேர்ந்து சோதனை நடத்தினார். அந்த மாடம்வரை 257 படிகள். கிறிஸ்டோபர் ரென் எழுப்பிய அந்தக் குவிமாடம் மூன்றடுக்கு: உள்ளே ஒரு மாடம், வெளியே மரச்சட்டத்தின்மேல் ஈயத்தகடு வேய்ந்த ஒரு மாடம், இரண்டுக்கும் நடுவே கண்ணில் படாமல் பாரம் தாங்கும் செங்கல் கூம்பு. கூம்பின் அடியில் இரும்புச் சங்கிலி. ஹூக் ரென்னின் நண்பர். சங்கிலி யோசனை அந்தக் குவிமாடமாக எழுவதைப் பார்க்காமலே மறைந்தவர்.

ஒலி தலைக்கு மேலே உள்ள குவிமாடத்தில் பட்டுத் திரும்பி எதிர்முனையில் குவிகிறது என்பது ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் சொன்ன விளக்கம். அப்படியானால் எதிர்முனையில் மட்டுமே கேட்கவேண்டும். ஆனால் சுற்றிலும் எங்கே காது வைத்தாலும் கேட்கிறது. இயற்பியலாளர் ராலே பிரபு அதை மறுத்து, ஒலி சுவரை ஒட்டித் தவழ்ந்து செல்கிறது, சுவரிலிருந்து விலக விலக ஒரே சீராகத் தேய்கிறது என்றார். ராமனும் சதர்லாண்டும் அளந்து பார்த்தபோது தேய்வு சீராக இல்லை. சுவரிலிருந்து நடுவை நோக்கி நகர்ந்தால் ஒலி மங்கி, மறுபடி கூடி, மறுபடி மங்கியது. 1921-லேயே 'நேச்சர்' இதழில் அதை எழுதினார்கள். ஊர் திரும்பியதும் ராமன் விடவில்லை. கோல் கும்பஸ், பாட்னாவின் பழைய நெற்களஞ்சியமான கோல்கர் என்று இந்தியாவின் மாடங்களிலும் இதே விளைவை ஆராய்ந்து எழுதினார். கப்பலில் வரும் வழியில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி நோபல் பரிசுவரை போனது எல்லோருக்கும் தெரியும். அதே பயணத்தின் இந்த மாடக் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்று ஆய்வகங்களில் முடியின் தடிமனே உள்ள கண்ணாடிக் கோளங்களுக்குள் ஒலிக்குப் பதில் ஒளியை அதேபோல் விளிம்போரம் சுற்ற விடுகிறார்கள். கோளத்தின்மேல் ஒற்றை வைரஸ் ஒட்டினாலும் சுற்றின் அலைநீளம் ஒரு துளி நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடுகிறது.